அத்தை ஏறி உட்கார்ந்த வண்டி: ஷார்ஜாவில் ஏழு சீட்டர் தேடியதும், பதினாறு மாதம் ஓட்டியதும்

டொயோட்டா ஹைலேண்டர் ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற வண்டி), 2022 மாடல், ஜிசிசி ஸ்பெக் (வளைகுடா நாடுகளுக்கென்று செய்தது), வெள்ளை நிறம். 2024 செப்டம்பரில் முதல் உரிமையாளரிடமிருந்து வாங்கினோம். அப்போது மீட்டரில் 41,000 கிலோமீட்டர் இருந்தது, இப்போது 66,000ஐத் தாண்டிவிட்டது. ஓட்டுவது பெரும்பாலும் நான்தான். வீடு ஷார்ஜா முவைலாவில், வேலை துபாய் அல் குசைஸில். கணவர் ஜெபல் அலிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார்.

வண்டி பிடித்திருக்கிறதா என்றால், ரொம்பப் பிடித்திருக்கிறது. குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன். ஆனால் எங்களைப் போல விசாவை நம்பி இருக்கிற குடும்பம் வண்டி தேடும்போது குதிரைத்திறனையும் ஸ்க்ரீன் அளவையும் வைத்து ஆரம்பித்தால் வழி தவறிவிடும் என்பது என் அனுபவம். அதனால் தேடிய கதையிலிருந்தே வருகிறேன்.

முன்பு எங்களிடம் ஒரு நிசான் சன்னி இருந்தது. நாங்கள் இரண்டு பேர், பெரியவள், சின்னவன் என நான்கு பேருக்கு அது தாராளம். சிக்கல், உடுமலைப்பேட்டையிலிருந்து அத்தையும் மாமாவும் வரும்போதுதான். கோயம்புத்தூரிலிருந்து ஷார்ஜாவுக்கு நேராக விமானம் இருப்பதால் வருஷம் தவறாமல் வருவார்கள். சன்னியில் ஐந்து பேர்தான் போகலாம். சின்னவனுக்குக் குழந்தை சீட்டு மாட்டியாக வேண்டும், நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அது இல்லாமல் ஓட்டினால் 400 திர்ஹாம் அபராதம். அந்தச் சீட்டு பின்னால் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எங்கே கிளம்பினாலும் ஒருவர் டாக்ஸியில் வர வேண்டும், இல்லையென்றால் இரண்டு நடை.

2023 டிசம்பரில் கோர்ஃபக்கான் கடற்கரைக்குக் கிளம்பினோம். காலையில் இட்லியெல்லாம் கட்டி முடித்த பிறகு அத்தை, "நீங்க போயிட்டு வாங்க அம்மிணி, எனக்கு முட்டி வலிக்குது, மாமா எனக்குத் துணைக்கு இருக்கட்டும்" என்றார்கள். முட்டி வலி உண்மைதான். ஆனால் அன்றைக்கு அவர்கள் வராததற்குக் காரணம் முட்டி இல்லை என்பது எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். போகிற வழியெல்லாம் எனக்கு மனசே ஆறவில்லை.

அப்புறம் 2024 ஏப்ரல் 16 மழை வந்தது. 1949இல் கணக்கு வைக்கத் தொடங்கியதிலிருந்து இந்த நாடு பார்க்காத மழை அது. அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் ஒரே நாளுக்குள் 254 மில்லிமீட்டர் கொட்டியது. எங்கள் கட்டடத்துக்கு எதிரே உள்ள மணல் பார்க்கிங்கில் சன்னி சீட்டு மட்டத்துக்கு முழுகி நின்றது. பழைய வண்டிதானே என்று மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் போட்டிருந்தோம். அதில் நம் வண்டிக்கு ஒரு பைசா வராது. இழுத்துக்கொண்டு போக வந்தவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டோம். சில நூறு திர்ஹாம் மிச்சம் பிடிக்கப் பார்த்து வண்டியையே விட்டோம். அன்றிலிருந்து இன்சூரன்ஸில் சிக்கனம் பார்ப்பதில்லை.

தேட ஆரம்பிக்கும் முன்பு நானும் கணவரும் ஒரு ராத்திரி உட்கார்ந்து இரண்டே கேள்விகளை எழுதி வைத்தோம். ஒன்று, சேலை கட்டிய அத்தை யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்க முடியுமா? இரண்டு, நாளைக்கே வேலை போய்விட்டால் இந்த வண்டியை ஒரு வாரத்தில், கடனை அடைக்கிற விலைக்கு விற்க முடியுமா? இந்த இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால்தான் மற்றதைப் பார்ப்பது.

இரண்டாவது கேள்விக்குக் காரணம் எங்கள் தளத்திலேயே இருந்த ஒரு மதுரைக் குடும்பம். பெரிய ஐரோப்பிய எஸ்யூவி ஒன்றை ஐந்து வருஷக் கடனில் வாங்கியிருந்தார்கள். இரண்டாம் வருஷம் அவருடைய கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். விசா ரத்தானால் அதன்பிறகு இங்கே இருக்கக் கிடைப்பது எண்ணிய நாட்கள்தான். அதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளிச் சான்றிதழ் வாங்க வேண்டும், வங்கிக் கடனையும் அடைக்க வேண்டும். வண்டியைக் கேட்டவர்கள் எல்லோரும் கடன் பாக்கியைவிடக் குறைவாகக் கேட்டார்கள். கடன் தீராமல் வங்கி தன் பிடியை விடாது, பிடி விடாமல் முல்கியாவில் (வண்டியின் பதிவு அட்டை) பெயர் மாறாது. கடைசியில் அந்த அக்கா தன் வளையலை விற்று வித்தியாசத்தைக் கட்டினார்கள். லிஃப்ட் வாசலில் நின்று அவர்கள் அதைச் சொன்னபோது குரலே எழும்பவில்லை.

ஊரில் என் அப்பா, "அங்க வாங்குற வண்டிய வரும்போது இங்க கொண்டாந்துக்கலாமுல்ல?" என்று கேட்டார். முடியாது. இந்தியாவுக்குக் கொண்டுபோகிற பழைய வண்டிக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மூன்று வருஷத்துக்கு மேல் பழசாகவும் இருக்கக் கூடாது. இங்கே ஓடுவதெல்லாம் இடப்பக்க ஸ்டீயரிங். எனவே இங்கே வாங்குவது இங்கேயே விற்பதற்குத்தான்.

சின்னவனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஊருக்குப் போய்விட்டதால் அந்த வருஷம் அத்தையும் மாமாவும் ஆகஸ்டிலேயே வந்துவிட்டார்கள். ஒருவகையில் அது நல்லதாகப் போயிற்று. 44, 45 டிகிரி வெயிலில் வண்டி பார்த்தால்தான் ஏசியின் லட்சணம் தெரியும். எங்கே வண்டி பார்க்கப் போனாலும் ஆறு பேரும் போனோம். தையல் டேப் ஒன்று என் கைப்பையில் இருந்தது.

முதலில் பார்த்தது பஜேரோ. கணவருக்கு அதன்மேல் பல வருஷ ஆசை. 2021இல் தயாரிப்பு நின்றுவிட்டாலும் இந்த ஊர் சாலையில் இன்னும் அது ராஜாதான். பழகிய மெக்கானிக் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார், உதிரி பாகம் எங்கும் கிடைக்கும், விற்கவும் சுலபம். இரண்டாவது கேள்விக்கு முழு மதிப்பெண். ஆனால் அத்தை ஒரு காலைப் படியில் வைத்தார்கள், கதவுக் கைப்பிடியைப் பிடித்தார்கள், சேலைக் கொசுவம் இழுத்தது, காலை எடுத்துக் கீழே வைத்துவிட்டார்கள். "இதுல ஏறோணும்னா ஏணி வேணுமாட்ட இருக்குது அம்மிணி." கணவர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஃபார்ச்சூனரும் அதே உயரம்தான். அதோடு மூன்றாம் வரிசை சீட்டுகள் தரைக்குள் மடங்காமல் இரண்டு பக்கமும் ஜன்னலை ஒட்டித் தொங்கும். ஆள் ஏறாத நாளிலும் டிக்கியில் பாதியை அவை எடுத்துக்கொள்ளும். மலையும் மணலும் ஓட்டுகிறவர்களுக்கு அருமையான வண்டி. எங்களுக்கு அது இல்லை.

புது மாடல் பாத்ஃபைண்டர் என் மனசை ரொம்ப அசைத்தது. உயரம் பரவாயில்லை. ஒரு பட்டனை அழுத்தினால் நடு சீட்டு குழந்தை சீட்டு மாட்டியபடியே சாய்ந்து முன்னால் நகர்ந்து மூன்றாம் வரிசைக்கு வழி விடுகிறது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, ஒவ்வொரு தடவையும் அந்தச் சீட்டைக் கழற்றி மாட்டியவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் 3.5 லிட்டர் வி6 இன்ஜின், நீளம் ஐந்து மீட்டர். தினமும் ஷார்ஜா - துபாய் நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்வது நான். பெட்ரோல் கணக்கு போட்டுப் பார்த்ததும் ஒதுக்கி வைத்தேன். நெரிசல் இல்லாத ஊரில் இருப்பவர்கள், அபுதாபி உள்நகரிலோ அல் ஐனிலோ இருப்பவர்கள், அதைக் கட்டாயம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

சீன வண்டிகளையும் பார்த்தோம். ஜெட்டூர் ஏழு சீட்டர் ஒன்று, நாங்கள் பழைய வண்டிக்கு ஒதுக்கிய பணத்துக்குள் புதுசாகவே வரும். உள்ளே உட்கார்ந்தால் கண்ணைப் பறிக்கிறது. அத்தைக்கும் சிரமமில்லாமல் ஏற முடிந்தது. ஐந்து வருஷம் கழித்து அது என்ன விலைக்குப் போகும் என்று நாங்கள் கேட்டவர்கள் ஆளுக்கொரு விலை சொன்னார்கள். எங்கள் இரண்டாவது கேள்விக்கு அந்தப் பதில் போதவில்லை. இங்கேயே நிலையாக இருக்கப் போகிறவர்கள் வேறு மாதிரி முடிவெடுக்கலாம், அதில் தவறில்லை.

ஹைலேண்டரைப் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான் டேப்பை எடுக்கும் முன்பே அத்தை கதவைத் திறந்து, முதலில் சீட்டில் உட்கார்ந்து, அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொண்டார்கள். வீட்டு சோபாவில் உட்காருகிற மாதிரி. அப்புறமாக அளந்தேன். தரையிலிருந்து கதவுப் படி சுமார் 18 அங்குலம், சீட்டு அத்தையின் முழங்காலுக்கு நான்கு விரல் மேலே. முட்டி தேய்ந்தவர்களுக்கு வண்டி தாழ்வாக இருந்தாலும் கஷ்டம், எழுந்திருக்க முடியாது. உயரமாக இருந்தாலும் கஷ்டம். உட்கார்ந்து திரும்புகிற உயரம்தான் வேண்டும். எந்த விளம்பரத்தாளிலும் இந்த அளவு இருக்காது, ஆளைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் பார்க்க வேண்டும்.

மாடலை முடிவு செய்தாயிற்று, வண்டி கிடைக்க ஒரு மாதம் ஆனது. அந்த மாதத்தில் கற்றுக்கொண்டதுதான் அதிகம்.

முதலில் ஸ்பெக். ஜிசிசி ஸ்பெக் என்றால் வளைகுடா வெயிலுக்கென்று கூலிங்கும் ஏசியும் அமைத்து, இங்குள்ள ஏஜென்சியின் (கம்பெனியின் அதிகாரபூர்வ விற்பனையாளர்) வாரண்டியோடு வந்த வண்டி. அமெரிக்கன் ஸ்பெக் என்று விற்பவை பெரும்பாலும் அங்கே விபத்திலோ வெள்ளத்திலோ அடிபட்டு ஏலத்தில் வாங்கி, கப்பலில் வந்து, இங்கே சரிசெய்தவை. அப்படி இல்லாததும் உண்டு, ஆனால் அடிபட்டதா இல்லையா என்று கண்டுபிடிப்பது நம் தலையில் விழும். விலையில் கால்வாசி குறைவாக இருக்கும், அதுதான் தூண்டில். விற்கும்போது வாங்குகிறவரும் அதே கால்வாசியைக் குறைத்துத்தான் கேட்பார்.

ஷார்ஜாவில் ஒரு பழைய கார் கடையில் நாங்கள் தேடிய அதே மாடல், அதே வருஷம், 89,000 திர்ஹாமுக்கு நின்றது. பளபளவென்று இருந்தது, உள்ளே வாசனை தெளித்திருந்தார்கள். ஜிசிசி என்றுதான் கடைக்காரர் சொன்னார். நல்லவேளையாக எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கிற புதுக்கோட்டை அண்ணனைக் கூட்டிப் போயிருந்தோம். கராஜில் பதினெட்டு வருஷம் வேலை பார்க்கிறவர். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. நேராக மூன்றாம் வரிசைக்குப் போய் சீட் பெல்ட்டை இழுத்தார். இழுத்துக்கொண்டே போனார், கடைசி வரைக்கும். பெல்ட்டின் கடைசி முழத்தில், எப்போதும் உள்ளே சுருண்டே இருக்கிற பகுதியில், காப்பித்தண்ணி நிறத்தில் ஒரு கோடு ஓடியது. கோட்டுக்கு ஒரு பக்கம் பெல்ட் கறுப்பு, மறுபக்கம் வெளிறிப்போன சாம்பல் நிறம். விரலால் தேய்த்தார், விரல்நுனியில் மாவு மாதிரி மண் ஒட்டியது. "சீட்டக் கழுவலாம், கார்பெட்ட மாத்தலாம். பெல்ட்ட யாரும் கழுவ மாட்டான்மா" என்றார். சீட்டுத் தண்டவாளத்து போல்ட்டுகளைக் காட்டினார், துருப்பிடித்திருந்தன. இந்த வண்டியில் ஹைபிரிட் பேட்டரி நடு வரிசைச் சீட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. தண்ணீர் பெல்ட் வரை ஏறியிருந்தால் பேட்டரி என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. ஏப்ரல் மழையில் முழுகிய வண்டியா, கடல் தாண்டி முழுகிய வண்டியா தெரியவில்லை. கடைக்காரர் பதில் சொல்லாமல் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பழைய வண்டி வாங்குகிற யாருக்கும் நான் சொல்வது இதுதான்: பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். ஒரு நிமிஷ வேலை. அது சரியாக இருந்தால் மட்டும் சேசிஸ் எண்ணை வாங்கி உள்துறை அமைச்சகத் தளத்தில் விபத்துப் பதிவு பாருங்கள். அப்புறம் தஸ்ஜீல் என்கிற வண்டிப் பரிசோதனை, பதிவு மையத்தில் முழுப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நாங்கள் அந்த வரிசையில்தான் போனோம்.

கடைசியில் எங்களுக்குக் கிடைத்த வண்டி ஊருக்குக் கிளம்புகிற ஒரு குடும்பத்துடையது. முதல் சர்வீஸிலிருந்து ஏஜென்சியிலேயே செய்த புத்தகம் இருந்தது. ஏஜென்சி வாரண்டி கொஞ்சம், பேட்டரி வாரண்டி நிறைய பாக்கி இருந்தது. 1,22,500 சொன்னார்கள். டயரைப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். மூன்று டயரில் 2022, அதாவது 2022இன் 20ஆவது வாரம். ஒன்றில் மட்டும் 3820, அதாவது 2020இன் 38ஆவது வாரம். இந்த ஊரில் ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட டயரோடு போனால் வருஷப் பரிசோதனையில் பாஸிங் கிடைக்காது, வெயிலில் வெடிக்கும் பயமும் உண்டு. அதைக் காட்டியதும் 1,500 குறைத்துக்கொண்டார்கள். 1,21,000க்கு முடிந்தது.

கடன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வங்கியில் இதைப் பிரித்துச் சொல்ல மாட்டார்கள். மத்திய வங்கி விதிப்படி 20 சதவீதம் கையிலிருந்து கட்டியாக வேண்டும், தவணை 60 மாதத்தைத் தாண்டக் கூடாது. நாங்கள் 24,200 கட்டி, மீதி 96,800க்கு 48 மாதம் எடுத்தோம். 'வெறும் 3 சதவீதம்' என்றார்கள். அது ஃப்ளாட் ரேட். அசல் குறையக் குறைய வட்டி குறையாது, நான்கு வருஷமும் முதல் தொகைக்கே போடுவார்கள். மாதம் 2,259. குறைகிற அசலுக்குக் கணக்கிட்டால் அது 5.5 சதவீதத்துக்கும் மேல். நான் கணக்கு வேலை பார்க்கிறவள் என்பதால் அங்கேயே போட்டுப் பார்த்தேன். 60 மாதம் எடுத்திருந்தால் தவணை சுமார் 1,855 தான். ஆனால் கடன் பாக்கி வண்டியின் விலையைவிட எப்போதும் மேலேயே இருக்கிற ஆபத்து. மதுரை அக்காவை நினைத்து 48க்கு மேல் போகவில்லை.

சரி, வண்டி எப்படி?

ஹைபிரிட் என்றதும் நான் பெட்ரோல் மிச்சத்தைத்தான் எதிர்பார்த்தேன். அது கிடைத்தது. ஏசியை முழுசாக வைத்து, நெரிசலில் ஊர்ந்தும் லிட்டருக்குப் 14 கிலோமீட்டர் தருகிறது. சின்ன சன்னி எனக்குத் தந்தது 13. ஸ்பெஷல் 95 பெட்ரோல் விலை மாதாமாதம் மாறினாலும் இந்தப் பதினாறு மாதமும் லிட்டர் இரண்டரை திர்ஹாமைச் சுற்றியே இருந்ததால் மாதம் 280 திர்ஹாமில் முடிந்தது. ஏழு பேர் போகிற வண்டிக்கு இது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

எதிர்பார்க்காதது ஏசி. சாதாரண வண்டியில் இன்ஜின் சுற்றினால்தான் கம்ப்ரஸர் சுற்றும். நெரிசலில் இன்ஜின் மெதுவாக ஓடும்போது குளிர் தளர்ந்துவிடும். ஜூலை மாதம் மதியம் இரண்டு மணிக்கு அல் நஹ்தா சிக்னலில் நின்றவர்களுக்கு அது தெரியும். இந்த வண்டியில் கம்ப்ரஸர் பேட்டரி கரண்டில் ஓடுகிறது. இன்ஜின் அணைந்து வண்டி அசையாமல் நின்றாலும் காற்று அதே குளிரில் வருகிறது. பேட்டரி இறங்கினால் இன்ஜின் தானே எழுந்து ஏற்றிவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும். பள்ளிக்கூட வாசலில் பெரியவளுக்காகக் காத்திருக்கும்போது பின்னால் சின்னவன் வியர்க்காமல் தூங்குகிறான்.

அந்த பேட்டரிக்கும் குளிர் வேண்டும். நடு சீட்டுக்கு அடியில் ஒரு வலைக்கதவு மாதிரி காற்றுத் துளை இருக்கிறது. உள்ளே இருக்கிற குளிர் காற்றை இழுத்து பேட்டரியை ஆற்றுவது அதன் வேலை. வாங்கி ஆறு மாதம் வரை நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஒருநாள் சின்னவன் கீழே போட்ட பொம்மையைத் தேடிக் குனிந்தபோது பார்த்தால், வலை முழுக்கச் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி தூசி, நடுவில் இரண்டு மிக்ஸர் காராபூந்தி. இந்த மணல் ஊரில் அது அடைபட்டால் பேட்டரி சூடேறி ஆயுள் குறையும். இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை வாக்குவம் வைத்து இழுக்கிறேன், சர்வீஸின்போது ஃபில்டரையும் சுத்தம் செய்யச் சொல்கிறேன். ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் அந்தத் துளையை மறைத்து சாமான் வைக்காமல் இருந்தாலே பாதிப் பாதுகாப்பு.

எங்கள் வண்டியில் நடு வரிசையில் தனித்தனியாக இரண்டு சீட்டு. ஒன்றில் சின்னவனின் குழந்தை சீட்டு, இன்னொன்றில் அத்தை. நடுவில் நடந்து பின்னால் போகலாம் என்பதால் எதையும் மடக்க வேண்டியதில்லை. மாமா முன்னால் கணவர் பக்கத்தில். மூன்றாம் வரிசையில் பெரியவளும் நானும்.

அதனால் மூன்றாம் வரிசை பற்றி உட்கார்ந்து பார்த்தே சொல்கிறேன். 2024 டிசம்பரில் கோர்ஃபக்கான் போனோம், இந்தத் தடவை ஆறு பேரும். 2019இல் திறந்த அந்தப் புது சாலையில் மலையைக் குடைந்த சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெரியவளுக்கு அப்போது பத்து வயசு, அவளுக்கு அது சொகுசு. எனக்கு அப்படி இல்லை. சீட்டு தரையோடு தாழ்ந்திருக்கிறது, முட்டி நெஞ்சுப் பக்கம் வருகிறது, தொடைக்குத் தாங்கல் இல்லை. ஒரு மணி நேரம் போகலாம், அதற்குமேல் ஆனால் இடுப்பு சொல்லிவிடும். வளர்ந்த ஆண்கள் இரண்டு பேர் பின்னால் உட்கார வேண்டிய குடும்பம் என்றால் இந்த வண்டியை வாங்காதீர்கள். ஆனால் அன்றைக்கு எனக்கு முன்னால் அத்தை உட்கார்ந்திருந்தார்கள். சுரங்கம் ஒவ்வொன்றும் வரும்போது சின்னவனுக்கு எண்ணிச் சொன்னார்கள். அன்றைக்கு யாரும் முட்டி வலியைப் பற்றிப் பேசவில்லை. இடுப்பு வலியோடு நான் இறங்கினேன், பரவாயில்லை.

அடுத்த குறை டிக்கி. மூன்றாம் வரிசையை நிமிர்த்தினால் பின்னால் மிஞ்சுவது கடைச் சாமான் பைகளுக்கும் ஒரு பெரிய பெட்டிக்கும்தான். ஊரிலிருந்து வருகிறவர்கள் ஆளுக்கு 30 கிலோ கொண்டுவருவார்கள். அரிசி முறுக்கு, தேங்காய் எண்ணெய், சின்னவனுக்கு ராகி மாவு என்று பெட்டிகள் நான்காகிவிடும். விமான நிலையத்துக்கு நான் மட்டும் போய், பின் வரிசையை மடக்கிவிட்டுத்தான் அழைத்து வருகிறேன். ஏழு பேரும் ஏழு பேரின் பெட்டியும் என்ற கணக்கு இந்த அளவு வண்டியில் நடக்காது.

மலையேறும்போது இன்ஜின் கத்தும். ஜெபல் ஜைஸ் வளைவுகளில் ஆறு பேரை வைத்து ஏறியபோது வேகம் அப்படியே இருக்க, சத்தம் மட்டும் கூடிக்கொண்டே போனது. மாமா, "வண்டிக்கு மூச்சு வாங்குதுங்களா?" என்று கேட்டார். இழுவையில் குறை இல்லை, கியர் மாறாத அமைப்பு என்பதால் வருகிற சத்தம்தான், பழகிவிடும். மணல் மேட்டில் ஏற்ற இந்த வண்டி ஆகாது. பின் சக்கரத்துக்கென்று தனி மோட்டார் இருப்பது மழைக்கும் வழுக்குக்கும் உதவும், பாலைவன விளையாட்டுக்கு இல்லை.

வெயிலுக்கு வெள்ளை நிறம் உண்மையிலேயே உதவுகிறது, விற்கவும் அதுதான் சுலபம். ஜன்னலுக்குச் சட்டம் அனுமதிக்கிற 50 சதவீத ஃபிலிம் ஒட்டினேன், சின்னவன் பக்கம் வெயில் பாதியாகக் குறைந்தது. இன்சூரன்ஸ் முழுக் கவரேஜ், இயற்கைச் சேதமும் சேர்த்து, ஏஜென்சி ரிப்பேரோடு 2,900 திர்ஹாம். அந்த 'ஏஜென்சி ரிப்பேர்' என்ற வார்த்தை பாலிசியில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் அடிபட்ட வண்டி எந்த கராஜுக்குப் போகிறது என்பது நம் கையில் இருக்காது.

எங்களிடம் இருந்த இரண்டாவது கேள்விக்கு மட்டும் இத்தனை நாளும் பதில் தாளில்தான் இருந்தது. போன வாரம் அதையும் சோதித்துப் பார்த்தேன். அன்றைக்கே பணம் கொடுத்து வாங்குகிற ஒரு நிறுவனத்தில் விலை கேட்டேன். அவசரத்துக்கு வாங்குகிறவர்கள் குறைத்துத்தான் கேட்பார்கள் என்று தெரிந்தேதான் போனேன். இருபது நிமிஷம் சுற்றிப் பார்த்தார்கள், அந்தப் பையனும் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தான். 98,000 என்று எழுதிக் கொடுத்தார்கள். கடன் பாக்கி சுமார் 67,000. வண்டியைக் கொடுத்து, கடனை அடைத்து, முன்கூட்டி அடைக்கிற கட்டணம் போக 30,000 திர்ஹாம் கையில் நிற்கும். ஆறு பேருக்கு டிக்கெட், ஊரில் போய் இறங்கி ஒரு ஆறு மாதம். அன்று ராத்திரி கணவரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, முல்கியா வைத்திருக்கிற உறைக்குள் அவரே வைத்தார்.